ஆளைத் தேட வேண்டாம், செயலைப் பாருங்கள்

இணையக் குழுக்களில் வம்பிழுப்பவர்களையும் போலிக் கணக்குகளையும் எப்படி எதிர்கொள்வது? ‘கண்டுகொள்ளாமல் விடு’ என்ற புத்திமதியும் ஒற்றனைத் தேடும் வேட்டையும் தோற்றுவிட்டன. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

2016 மே 21, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிராவிஸ் தெருவில் இருக்கும் இஸ்லாமிய தஃவா மையத்தின் எதிரே நண்பகலில் ஒரு சிறு கூட்டம் சேர்கிறது. கைகளில் கொடிகளும் பதாகைகளும், சிலரிடம் துப்பாக்கிகள். டெக்சஸ் மாநிலத்தை இஸ்லாம் விழுங்கப் பார்க்கிறது என்று கோஷம் போடுகிறார்கள். சாலையின் மறுபக்கம் அதைவிடப் பெரிய கூட்டம் திரண்டு பதில் கோஷம் எழுப்புகிறது. நடுவில் போலீஸ். இரண்டு தரப்பும் தொண்டை வறளக் கத்திவிட்டுக் கலைந்துபோகின்றன. அன்று யாருக்கும் உறைக்காத உண்மை ஒன்று உண்டு: இரண்டு கூட்டங்களையும் கூட்டியவர்கள் அந்த ஊரிலேயே இல்லை.

முதல் கூட்டத்தை அழைத்தது ‘ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற ஃபேஸ்புக் பக்கம். அதைப் பின்தொடர்ந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். இரண்டாவது கூட்டத்தை அழைத்தது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற இன்னொரு பக்கம். அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேல். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயங்கிய ‘இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி’ என்ற ஒரே நிறுவனம். 2017 நவம்பர் 1 அன்று அமெரிக்க செனட்டின் உளவுக் குழு இதை வெளியிட்டபோது, அந்த இரட்டைப் போராட்டத்துக்கு ஆன செலவு சுமார் 200 டாலர் என்று அதன் தலைவர் ரிச்சர்ட் பர் சொன்னார். 2023 பிப்ரவரியில் ரஷ்யத் தொழிலதிபர் யெவ்கெனி பிரிகோஷின் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது தானே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் எழும் கேள்வி, ‘நம் குழுவில் இப்படி யாராவது ஒளிந்திருக்கிறார்களா?’ என்பதுதான். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தொழிற்சங்கக் குழு, நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கூடும் ஃபேஸ்புக் குழு என எங்கும் இன்று இந்தச் சந்தேகம் உலவுகிறது. புதிதாக ஒருவர் சேர்ந்து முரணாக இரண்டு வரி எழுதினால் போதும், ‘ஃபேக் ஐடி’, ‘காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்’ என்று முத்திரை விழுகிறது. கேள்வி இயல்பானது, ஆனால் பயனற்றது. எழுதுகிறவர் யார் என்று தேடுவதில் செலவாகும் சக்தியை, எந்தச் செயலை இங்கே அனுமதிப்போம் என்று முடிவெடுப்பதில் செலவிட்ட குழுக்களே தாக்குப்பிடித்திருக்கின்றன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் அனுபவமும் ஆய்வுகளும் இந்த முடிவைத்தான் காட்டுகின்றன.

கண்டுகொள்ளாமல் விட்டால் போதுமா?

இணையம் பரவத் தொடங்கிய காலத்திலிருந்து தரப்படும் புத்திமதி, ‘ட்ரோல்களுக்குப் பதில் சொல்லாதே, தானாக ஓய்ந்துவிடுவார்கள்’ என்பது. தனி மனிதரின் மன நிம்மதிக்கு இது சில நேரம் உதவலாம். ஒரு குழுவுக்கான கொள்கையாக இது நிற்காது. ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கான காரணத்தைக் காட்டியது. 667 பேரை அழைத்து, முதலில் சிலருக்கு எளிய வினாத்தாளும் சிலருக்குக் கடினமான வினாத்தாளும் கொடுத்தார்கள். பிறகு ஒரு செய்தியைப் படித்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். எளிய வினாத்தாளை முடித்து, கண்ணியமான கருத்துகளைப் பார்த்துவிட்டு எழுதியவர்களின் பதிவுகளில் 35 சதவீதம் வம்புப் பதிவுகள். கடின வினாத்தாளில் எரிச்சலடைந்து, ஏற்கெனவே வம்புக் கருத்துகள் கிடந்த இடத்தில் எழுதியவர்களிடம் அது 68 சதவீதமாக உயர்ந்தது. அவர்கள் எல்லாரும் சாதாரண மனிதர்கள். மனநிலையும், கண்ணெதிரே கிடந்த முந்தைய பதிவுகளும் அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டன.

இதன் பொருள் கனமானது. நீக்காமல் விட்ட ஒரு வம்புப் பதிவு, அடுத்து வருகிறவருக்கு ‘இங்கே இப்படித்தான் பேசலாம்’ என்று சொல்லிக்கொடுக்கிறது. நாம் கண்டுகொள்ளாமல் இருப்பது எழுதியவருக்குத் தண்டனை போலத் தோன்றினாலும், படிக்கிறவர்கள் அதை அனுமதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ரெட்டிட் தளத்தின் 36,000 குழுக்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு இன்னொரு கோணத்தைத் தந்தது. குழுவுக்குக் குழு நடந்த மோதல்களில் 74 சதவீதத்தைத் தொடங்கிவைத்தவை மொத்தக் குழுக்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. தாக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்களோ நாளடைவில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சிலரின் வம்பினால் பலரின் வாய் அடைபடுகிறது. மௌனமாக வெளியேறுகிறவர்கள் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை; அதனால் குழு தனக்கு நேர்ந்த இழப்பை உணர்வதுகூட இல்லை.

---
பெட்டிச் செய்தி: யார் யார், என்னென்ன செய்கிறார்கள்?

• வம்பர்: எதிர்வினை வேண்டும் என்பதற்காகவே சீண்டுகிறவர். பேசுபொருளில் அவருக்கு அக்கறை இல்லை.

• பல முகக்காரர்: ஒரே ஆள் பல கணக்குகளில் வந்து, தனக்குத் தானே ஆதரவு சொல்லிக்கொள்கிறவர்.

• கூலிக்கு எழுதுகிறவர்: கட்சி, நிறுவனம் அல்லது அரசுக்காகப் பணம் பெற்றுக்கொண்டு, தன்னிச்சையான பொதுமகன் போலப் பேசுகிறவர்.

• ஊடுருவுகிறவர்: பொறுப்பாக நடந்து நம்பிக்கையைச் சம்பாதித்து, அதிகாரம் கைக்கு வந்ததும் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்.

• கோபத்தில் இருக்கும் நல்ல உறுப்பினர்: மேற்சொன்ன எவருமில்லை, ஆனால் எழுதுவதைப் பார்த்தால் முதல் வகை போலவே தோன்றுவார். பிறர்மீது தவறாக முத்திரை குத்தும்போது அதிகம் பலியாகிறவர் இவர்தான்.
---

அன்பாக வந்தவர் வைத்த கண்ணி

சந்தேகப் பார்வை எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதற்கு 2024இல் வெளியான ‘எக்ஸ்இசட்’ விவகாரத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சிறு மென்பொருள், லினக்ஸ் இயங்கும் ஏராளமான கணினிகளில் இருக்கிறது. பல்லாண்டுகளாக அதைச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே கோலின் என்ற ஃபின்லாந்துக்காரர். 2021இல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், பணிவாகப் பேசினார். 2022இல் வேறு சில பெயர்கள் அஞ்சல் குழுவில் முளைத்தன: வேலை மெதுவாக நடக்கிறது, பராமரிப்பாளருக்கு அக்கறை போய்விட்டது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருப்பதையும் இது ஊதியமில்லாத வேலை என்பதையும் கோலின் அங்கேயே எழுதினார். நெருக்கடி ஓயவில்லை. படிப்படியாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அது எங்கும் பரவியிருந்தால் உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குள் அந்நியர் நுழைய வழி திறந்திருக்கும். ஆபத்தின் அளவுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் பத்துக்குப் பத்து. பிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். வேறு ஏதோ சோதனைக்காகக் கணினியில் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார்.

இதிலுள்ள பாடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆபத்தானவர் வம்பு செய்யவே இல்லை. வம்பு செய்தவர்கள் அவருக்கு வழி திறக்க வந்த துணைப் பெயர்கள் என்றே ஆய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். இரண்டாவது, பெயர்கள் எதையும் சொல்லவில்லை. ஜியா டான் என்பது கிழக்காசியப் பெயர் போல ஒலிக்கிறது. நெருக்கியவர்களில் ஒருவர் வைத்துக்கொண்டது இந்தியப் பெயர். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்பது இதுவரை பொதுவில் நிறுவப்படவில்லை. பெயரையும் நாட்டையும் வைத்து வேட்டையாடியிருந்தால், நேர்மையாக உழைக்கும் ஆயிரக்கணக்கான சீன, இந்தியத் தன்னார்வலர்கள்தான் அவமானப்பட்டிருப்பார்கள். மூன்றாவது, பிடிபட்டது ஆளைச் சந்தேகித்ததால் நடக்கவில்லை. ஒரு செயலின் விளைவு வழக்கத்துக்கு மாறாக இருந்ததையும், அதைச் சரிபார்க்கும் வகையில் நிரல் பொதுவில் இருந்ததையும்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். நான்காவதும் முக்கியமானதும் இது: ஊடுருவல் நுழைந்த வாசல், களைத்துப்போன ஒற்றை மனிதர். அவரோடு இன்னும் மூன்று பேர் பொறுப்பைப் பகிர்ந்திருந்தால் நெருக்குதல்கள் எடுபட்டிருக்காது.

சந்தேகமே ஆயுதமாகும்போது

‘கொஞ்சம் அதிகமாகச் சந்தேகப்பட்டால் என்ன குறைந்துவிடும், ஏமாறாமல் இருக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்துபோவது என்ன என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற இரகசியத் திட்டத்தை நடத்தியது. கம்யூனிஸ்ட் கட்சி, கறுப்பின உரிமை இயக்கங்கள், போர் எதிர்ப்புக் குழுக்கள் ஆகியவற்றைக் குலைப்பது நோக்கம். ஒற்றர்களை நுழைப்பது ஒரு முறை. நேர்மையான உறுப்பினரை ஒற்றர் என்று மற்றவர்களை நம்பவைப்பது இன்னொரு முறை. இரண்டாவதற்கு ஆள்கூடத் தேவையில்லை, ஒரு போலிக் கடிதம் போதும். 1964இல் நியூயார்க் கம்யூனிஸ்ட் தலைவர் வில்லியம் ஆல்பர்ட்சன் கையெழுத்தைப் போல எழுதிய போலித் துப்புக் குறிப்பு ஒன்றை எஃப்பிஐ, அவருடைய தோழர் கண்ணில் படும்படி வைத்தது. கட்சி அவரைத் துரோகி என்று வெளியேற்றியது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1989இல் அவருடைய மனைவிக்கு அமெரிக்க அரசு 1,70,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. ஒருவரை ஒருவர் நம்பாத குழுவை வெளியிலிருந்து யாரும் உடைக்க வேண்டியதில்லை என்பது அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இணையக் காலத்தில் இதே வேலையைக் குழுக்கள் தாமாகவே செய்துகொள்கின்றன. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ரெட்டிட்டில் ஒரு குழு புகைப்படங்களை வைத்துக் குற்றவாளியைத் தேடக் கிளம்பியது. நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். சுமார் ஒரு மாதத்துக்கு முன்பு காணாமற்போயிருந்த ஓர் அப்பாவி இளைஞரின் பெயர் அங்கே பரவியது. மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் வசைமாரி பொழிந்தது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பின்னர் அவர் உடல் ஆற்றில் மீட்கப்பட்டது. ரெட்டிட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழுவில் ட்ரோல்களும் ஊடுருவியவர்களும் முக்கியமான பாத்திரம் வகிக்கவில்லை. சரிபார்ப்பு இல்லாத ஆர்வமும், ‘யார் அவன்’ என்ற வெறியுமே அவ்வளவு கேட்டையும் செய்தன.

---
பெட்டிச் செய்தி: 1944இன் கையேடு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ், எதிரி நாடுகளில் வாழும் சாதாரண மக்களுக்காக 1944 ஜனவரியில் எளிய நாசவேலைக் கையேடு ஒன்றை உருவாக்கியது. பிற்காலத்தில் இரகசியம் நீக்கப்பட்ட அந்தக் கையேட்டில், கூட்டங்களையும் அமைப்புகளையும் முடக்கும் வழிகளும் உண்டு. நீளமாகப் பேசுவது, தொடர்பில்லாத விஷயங்களை அடிக்கடி கிளப்புவது, தீர்மானத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் தகராறு செய்வது, போன கூட்டத்தில் முடிந்ததை மறுபடி திறப்பது, எல்லாவற்றையும் பெரிய குழுக்களின் ஆய்வுக்குத் தள்ளுவது.

கவனிக்க வேண்டியது: இவற்றை நல்லெண்ணமுள்ளவர்களும் தினமும் செய்கிறார்கள். ஆகவே இந்தச் செயல்களை வைத்து ஒருவரை ஒற்றர் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் இவற்றைக் கட்டுப்படுத்தும் கூட்ட விதி இருந்தால், செய்கிறவர் ஒற்றரா அப்பாவியா என்று அறிய வேண்டிய அவசியமே எழாது.
---

செயலைப் பார்ப்பது எப்படி?

சொல்வதற்கு எளிது, நடைமுறையில் எப்படி என்ற கேள்விக்கு விக்கிப்பீடியா ஒரு விடை தருகிறது. யார் வேண்டுமானாலும், புனைபெயரிலும் எழுதலாம் என்ற அடிப்படையில் நிற்கும் அந்தத் தளம், பல முகக்காரர்களால் சூழப்பட்டது. ஒருவர் இரண்டு கணக்குகளில் எழுதுகிறார் என்று அங்கே குற்றம் சாட்ட வேண்டுமானால், அதற்கென உள்ள பக்கத்தில் குறிப்பிட்ட திருத்தங்களை எடுத்துக்காட்டி, ஒரே சொல்வழக்கு, ஒரே நேரம், ஒரே நோக்கம் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்பது செல்லாது. கணக்கின் தொழில்நுட்பத் தடயங்களைப் பார்க்கும் உரிமை மிகச் சிலருக்கே உண்டு. அவர்கள் பார்த்த ஒவ்வொரு தடவையும் பதிவாகிறது. தங்கள் அதிகாரத்துக்கு அவர்களும் கணக்குக் காட்ட வேண்டும். 2015 ஆகஸ்ட் 31 அன்று, சிறு வணிகர்களைப் பற்றிய கட்டுரைகளைப் பாதுகாப்பதாகச் சொல்லிப் பணம் பறித்த ஒரு வலையின் 381 கணக்குகளை விக்கிப்பீடியர்கள் முடக்கினார்கள். பல வாரங்கள் தன்னார்வலர்கள் திருத்த வரலாற்றை வரிவரியாக ஒப்பிட்டு எட்டிய முடிவு அது.

விதியை உரக்கச் சொல்வதற்கே பெரிய பலன் உண்டு என்பதை இன்னொரு சோதனை நிறுவியது. ஆய்வாளர் நேதன் மத்தியாஸ், ரெட்டிட்டின் அறிவியல் குழுவில் சில விவாதங்களின் தலைப்பில் குழுவின் விதிகளை ஒட்டிவைத்தார், மற்றவற்றில் வைக்கவில்லை. 2019இல் வெளியான முடிவுகளின்படி, விதி கண்ணில் பட்ட இடங்களில் புதியவர்கள் விதிப்படி நடப்பது எட்டுச் சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட வியப்பு, புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. கட்டுப்பாடு வந்தால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இது நேரெதிர். எல்லை தெளிவாக இருக்கும் இடத்தில்தான் தயங்கி நிற்பவர்கள் வாய் திறக்கிறார்கள்.

செயலைக் கட்டுப்படுத்தும் இதே தத்துவத்தை வாட்ஸ்அப் பெரிய அளவில் கையாண்டது. அதன் பின்னணியில் நம் மாநிலத்துத் துயரமும் இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காக அடித்து நொறுக்கப்பட்டது. 65 வயது மூதாட்டி இறந்தார். நாட்டின் பல பகுதிகளில் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி தடுத்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் ஆனது. பலமுறை கைமாறிய செய்தியை 2020 ஏப்ரலில் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டும் என்று சுருக்கியபோது, அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. வதந்தியைத் தொடங்கியவர் யார் என்று கண்டுபிடிக்காமலேயே அதன் வேகத்தை உடைக்க முடிந்தது. தாமதமாக வந்த நடவடிக்கைதான். போன உயிர் வராது. ஆனால் திசை சரியானது.

அந்தத் தடுப்புகளோடு பணி முடிந்துவிடவில்லை என்பதை 2023 மார்ச் காட்டியது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, வேறெங்கோ நடந்த பழைய சம்பவங்களின் வீடியோக்களை இணைத்துப் பரப்பினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறை அவை பொய் என்று அறிவித்து வழக்குகள் பதிவு செய்தது. பொய்யைத் தொடங்கியவரைப் பிடிப்பது போலீஸின் வேலை. ஆனால் அந்த வீடியோவை ஆயிரம் குழுக்களுக்குள் கொண்டுபோனவர்கள் சாதாரண உறுப்பினர்கள். அதை நிறுத்தும் இடத்தில் இருந்தவர்கள் அந்தக் குழுக்களின் அட்மின்கள்.

எதிர்வாதங்கள் மூன்று

‘எல்லோரும் ஆதார் காட்டி, உண்மைப் பெயரில் எழுதட்டும், வம்பு தானாக நின்றுவிடும்’ என்பது முதல் வாதம். தென் கொரியா இதைச் செய்து பார்த்தது. 2007இல் பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாள எண் கட்டாயமானது. வம்புப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனார்கள். 2011இல் நேட், சைவேர்ல்டு தளங்கள் ஹேக் செய்யப்பட்டு மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் கசிந்தன. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நம் ஊரில் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு சாதி வெறியைக் கக்குகிறவர்களைப் பார்க்கும்போதே தெரியும், பெயர் மறைவு மட்டும் நோய்க்குக் காரணமில்லை என்பது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கும், சாதிக் கொடுமையைப் பேசும் மாணவருக்கும், முதலாளியின் மோசடியைச் சொல்லும் ஊழியருக்கும் புனைபெயர்தான் கவசம். ட்ரோலைப் பிடிப்பதற்காக அந்தக் கவசத்தைப் பறிப்பது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை தண்டிப்பதாகும்.

‘கடுமையான சட்டம் போதும்’ என்பது இரண்டாவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எரிச்சலூட்டும் பதிவைக்கூடக் குற்றமாக்கியது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்காக ஊரையே அடைக்க வேண்டுமா என்று ஃபேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணும், அதை விரும்பிய தோழியும் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்த்தது. தெளிவில்லாத சட்டம் வம்பரைவிடக் கேள்வி கேட்கிறவரையே முதலில் பிடிக்கும் என்பதற்கு அது சாட்சி. மிரட்டல், பாலியல் துன்புறுத்தல், கலவரத் தூண்டுதல் ஆகியவற்றுக்குச் சட்டம் கட்டாயம் வர வேண்டும். சைபர் கிரைம் புகாரை ஏற்கத் தயங்கும் காவல் நிலையம் மாற வேண்டும். ஆனால் தினசரிக் குழப்பத்துக்கு மருந்து குழுவுக்குள்தான் இருக்கிறது. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, பிறர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் தெளிவுபடுத்தியிருக்கின்றன. தண்டனைக்குப் பயந்து அட்மின்கள் குழுவையே பூட்டிவைக்க வேண்டியதில்லை. அதே சமயம், சட்டப் பொறுப்பு இல்லாததால் அறப் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது.

‘நீக்கினால் கருத்துச் சுதந்திரம் போகும், நீக்கப்பட்டவர்கள் வேறிடத்தில் இன்னும் தீவிரமாவார்கள்’ என்பது மூன்றாவது. மூன்றிலும் கனமான வாதம் இது. 2015இல் ரெட்டிட் இரண்டு வெறுப்புக் குழுக்களை மூடியது. அவற்றின் உறுப்பினர்களில் பலர் வெளியேறினார்கள். தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் 80 சதவீதமாவது குறைந்தன என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கண்டது. ஆனால் பின்னாளில் தனித் தளம் அமைத்துப் போன வேறு ஒரு குழுவில், ஆட்கள் குறைந்தாலும் எஞ்சியவர்கள் இன்னும் கடுமையானதாக 2021இன் ஆய்வு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு, வெளியேற்றுவது கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதுதான். முதலில் பதிவு நீக்கம், பிறகு எச்சரிக்கை, பிறகு சில நாள் எழுதத் தடை, எதற்கும் மசியாதபோது வெளியேற்றம். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்ல வேண்டும்; மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். கருத்துக்காக ஒருவரை நீக்குவது தணிக்கை. எவர் செய்தாலும் தவறு என்று முன்பே அறிவித்த செயலுக்காக, எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் நீக்குவது நீதி. இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற முடிவதே, ஆளைவிடச் செயலைப் பார்ப்பதன் மிகப் பெரிய பலன்.

---
பெட்டிச் செய்தி: அட்மின்களுக்கு ஆறு நடைமுறைகள்

1. விதிகளைப் பத்து வரிக்குள் எழுதி, புதியவர் கண்ணில் முதலில் படும்படி வையுங்கள்.

2. ஒரே அட்மின் வேண்டாம். குறைந்தது மூன்று பேர், முறை வைத்துப் பொறுப்பு.

3. ஆதாரமில்லாமல் இன்னொரு உறுப்பினரை ‘ஃபேக்’, ‘ஒற்றர்’ என்று பொதுவில் அழைப்பதையும் விதிமீறலாக்குங்கள். சந்தேகம் இருந்தால் அட்மினிடம் தனியாகச் சொல்லட்டும்.

4. நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட், தேதி, காரணம் மூன்றையும் பதிந்து வையுங்கள்.

5. எவ்வளவு நல்லவராயினும் புதியவருக்கு முழு அதிகாரம் தராதீர்கள். உடனே முடிவெடு என்று யார் நெருக்கினாலும், அன்றே எடுக்காதீர்கள்.

6. மிரட்டல், ஆபாசம், வன்முறைத் தூண்டல் என்றால் 1930 என்ற எண்ணிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ விசாரித்து, உரிய சைபர் கிரைம் புகாரைப் பதியுங்கள்.
---

சுமையைச் சுமப்பவர்கள்

இத்தனை யோசனைகளும் கடைசியில் யாரோ சிலரின் தலையில் போய் விழுகின்றன. ஃபேஸ்புக்கின் பதிவுகளைச் சலித்தெடுத்த அமெரிக்க ஒப்பந்த ஊழியர்கள், தாங்கள் பார்த்த வன்முறைக் காட்சிகளால் மனநலம் கெட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். 2020 மே மாதம் 5.2 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அவர்களாவது சம்பளம் வாங்கினார்கள். ரெட்டிட்டின் குழுக்களைக் காப்பவர்கள் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். 2023 ஜூனில், தாங்கள் நம்பியிருந்த கருவிகளுக்கு நிறுவனம் கட்டணம் விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்களைப் பூட்டிப் போராடினார்கள். அதற்குப் பிறகும் நிறுவனம் அசையவில்லை. கோடிக்கணக்கில் விளம்பர வருமானம் ஈட்டும் தளங்கள், தங்கள் இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. சண்டை வளர்ந்தால் பார்வைகளும் வளரும் என்ற கணக்கில் சீண்டும் பதிவையே மேலே தூக்கிக் காட்டும் வடிவமைப்பு இருக்கும்வரை, அட்மின்கள் எவ்வளவு இறைத்தாலும் நீர் வற்றாது. தமிழ் வசவுகளையும் சாதி ஏச்சுகளையும் புரிந்துகொள்ளும் தமிழ் தெரிந்த ஊழியர்களைப் போதிய எண்ணிக்கையில் வைப்பது, இங்கே கோடிக்கணக்கான பயனாளர்களைக் கொண்ட நிறுவனங்களின் கடமை. அதை அரசும் ஊடகங்களும் விடாமல் கேட்க வேண்டும்.

உறுப்பினர்களின் பங்கும் சிறியதில்லை. வம்பு நடக்கும்போது வேடிக்கை பார்த்துவிட்டு, அட்மின் நடவடிக்கை எடுத்ததும் ‘ஏன் நீக்கினாய்’ என்று பாய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நீக்கப்பட்டவர் நம் அணிக்காரர் என்றால் விதி கசக்கிறது. எதிரணிக்காரர் என்றால் இனிக்கிறது. நம் கருத்தைப் பேசுகிறவர் எல்லை மீறும்போது முதலில் கை தூக்கி நிறுத்துகிறவர்களாக நாம் இருந்தால்தான் அந்த விதிக்கு மதிப்பு. ஹூஸ்டனில் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தங்களுக்குப் பிடித்ததைச் சொன்ன பக்கத்தை நடத்துவது யார், அதன் சொற்கள் எங்கே கொண்டுபோகின்றன என்று கேட்கத் தோன்றாத சாதாரண மனிதர்கள் அவர்கள். நாமும் அப்படித்தான் இருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு ஒரே நாளில் ஆயிரம் ‘மனிதர்களை’ உருவாக்கித் தமிழில் சரளமாக எழுதவைக்கும் காலம் வந்துவிட்டது. எழுதுகிறவர் யார் என்று கண்டுபிடிக்கும் போட்டியில் சாதாரணக் குழுக்கள் இனி ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவு. எழுதப்பட்டது உண்மையா, கண்ணியமானதா, பேசுபொருளுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் எப்போதும் நம் கையில் இருக்கும். எழுதியது மனிதரானாலும் இயந்திரமானாலும், கூலிக்காரரானாலும் கோபக்காரரானாலும் அந்த அளவுகோல் மாறாது. ஆகவே இந்த வாரமே உங்கள் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து பத்து வரி விதிகளை எழுதுங்கள். அவை முதலில் உங்களுக்கே பொருந்தும் என்று அறிவியுங்கள். நம்பிக்கையைப் பறிகொடுக்காமல் ஏமாறாமலும் இருக்க, இதுவரை பலன் தந்த வழி அது ஒன்றுதான்.